ஏழு நிமிடம் ஐம்பது வினாடி

ஆம்புலன்ஸில் பதினேழு வருடம் வேலை பார்த்தவள் அவள். முதலுதவிப் பணியாளர் என்பது அடையாள அட்டையில் இருந்த பெயர். நிலையத்தில் எல்லோரும் அவளை 'இரும்பு மூக்கு' என்றுதான் சொல்வார்கள். காரணம் இருந்தது. ரத்தம், வாந்தி, மூன்று நாள் பூட்டிக் கிடந்த அறையின் நாற்றம், எதுவும் அவளை அசைத்ததில்லை. நோயாளி மேலே வாந்தி எடுத்தால், திரும்பி வந்ததும் சட்டையைத் தொட்டியில் அலசிப் போட்டுவிட்டு, சோப்பு வாசம் போகாத கையோடு சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவளுக்கு இடுப்பு போயிற்று. லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியிலிருந்து ஒரு கனத்த மனிதரை நாற்காலியில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் முதுகில் ஏதோ நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வரை இறக்கிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் நாலாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். அவள் ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள். இனி எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, அவளை என்ன செய்வது என்று தெரியாமல் ஆய்வுப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

ஆய்வுப் பிரிவு என்றால் தலைமை அலுவலகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. முன்பு பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த இடம். சுவருக்கு வெள்ளையடித்தும் ரப்பர் வாடை போகவில்லை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு அலமாரி, அலமாரி நிறைய நூல் கட்டிய காகிதக் கட்டுகள். செவ்வாயும் வெள்ளியும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். அவசர சிகிச்சை டாக்டர். வீட்டில் திடீரென்று இதயம் நின்று விழுந்தவர்களில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள், ஆம்புலன்ஸ் சீக்கிரம் போவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவருடைய ஆய்வு. இரண்டு வருடத்து நோயாளி அறிக்கைகளில் இருக்கும் விவரங்களை அவள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம், ஆள் பிழைத்தாரா இல்லையா.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கோழி கிளறியது போன்ற கையெழுத்துகளையெல்லாம் அவளால் படிக்க முடிந்தது. எழுதியவர்கள் யார் என்றுகூடச் சொல்லிவிடுவாள்.

மூன்றாவது வாரம்தான் ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. அந்தத் துறையில் எட்டு நிமிடம் என்பது கெடு. அழைப்பு வந்து எட்டு நிமிடத்துக்குள் வண்டி சேர்ந்துவிட்டால் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் பச்சை, தாண்டினால் சிவப்பு. அறிக்கைகளில் ஏழு நிமிடம் ஐம்பது வினாடி, ஏழு நாற்பத்து நாலு, ஏழு ஐம்பத்தாறு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எட்டே கால், எட்டரை என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஊரிலிருந்த சாலைகளெல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு நடந்ததுபோல் இருந்தது.

சேர்ந்த நேரம் தானாகப் பதிவாவதில்லை. டிரைவர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். வாசலில் போய் நின்ற பிறகு அழுத்துவதுதான் விதி. தெருமுனையிலேயே அழுத்திவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெருமுனைக்கும் வாசலுக்கும் என்ன பெரிய தூரம் என்று அவளும் விட்டுவிட்டவள்தான்.

ஆனால் ஒவ்வொரு அறிக்கையோடும் இன்னொரு காகிதம் பின் அடித்திருந்தது. இதயத் துடிப்பைப் பார்த்து ஷாக் கொடுக்கிற மெஷினிலிருந்து வரும் நீளமான தாள். மெஷினை ஆன் செய்த நேரம் அதன் தலைப்பில் அச்சாகியிருக்கும். அந்த நேரத்தை ஏற்றச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகத்தான் பார்த்தாள்.

முதல் தாளில், அறிக்கையின்படி வண்டி சேர்ந்தது ஏழு ஐம்பதுக்கு. மெஷின் ஆன் ஆனது பதினேழாவது நிமிடத்தில். தரைத்தளத்து வீடு. படியேறவும் இல்லை, லிஃப்டுக்குக் காத்திருக்கவும் இல்லை. வாசலில் போய் இறங்கியவர்கள் ஒன்பது நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அடுத்த தாளில் ஆறு நிமிட வித்தியாசம். அதற்கடுத்ததில் பதினொன்று. வெள்ளிக்கிழமைக்குள் அறுபது தாள்களை ஒரு நோட்டில் எழுதிவிட்டாள்.

பேராசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. அவர் எதற்கும் கோபப்படாதவர்.

"மெஷின்ல இருக்கிற கடிகாரம் சரியா ஓடுதுன்னு என்னம்மா நிச்சயம்?"

"தெரியாது சார். பாத்துட்டு வந்து சொல்றேன்."

மறு வாரம் இரண்டு நாள் காலையில், ஆட்கள் மாறும் நேரத்தில், இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நிலையமாகப் போனாள். பதினாலு வண்டி, பதினாலு மெஷின். கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் போட்டு அங்கே என்ன மணி என்று கேட்டு, மெஷின் காட்டுவதைப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஒரே ஒரு மெஷின் ஒரு நிமிடம் பத்து வினாடி பிந்தியிருந்தது. மற்றதெல்லாம் அரை நிமிடத்துக்குள்.

அதைக் கொண்டுபோய் வைத்தபோது பேராசிரியர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா பாருங்க, முடிவு ஓரளவு வந்தாச்சு. எட்டு நிமிஷத்துக்குள்ள போனவங்களுக்கும் லேட்டா போனவங்களுக்கும் பிழைக்கிறதுல பெரிசா வித்தியாசம் இல்ல. மேலிடத்துல சந்தோஷப்படுறாங்க. ஓரத்துல இருக்கிற மூணு சின்ன நிலையத்தை மூடலாம்னு ரொம்ப நாளா யோசிக்கிறாங்க. இதை வைச்சு முடிவெடுக்கலாம்."

"சார், பதினேழு நிமிஷத்துல போனவங்களையும் ஏழு நிமிஷத்துல போனதா சேத்துட்டா, வித்தியாசம் எப்படித் தெரியும்?"

அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "குறைகள்னு கடைசியில ஒரு பகுதி இருக்கும். அதுல ஒரு வரி போட்டுடலாம்." யோசித்துவிட்டு அந்த வரியை அப்போதே சொன்னார்: "நேரப் பதிவுகளில் சிறு வேறுபாடுகள் இருந்திருக்கக்கூடும்." அதற்குள் பிஸ்கட் ஊறி உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது. அவர் ஸ்பூனால் அதைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இந்த ஆய்வுக்கு அனுமதி குடுத்ததே அவங்கதானே. நாளைக்கு நமக்குக் கதவைச் சாத்திட்டாங்கன்னா?"

அவள் நோட்டை மூடினாள். எழுந்து வெளியே வந்து குழாயடியில் நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளுடைய கையெழுத்து கிடைத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. ஒரு கட்டைப் பிரித்தபோது மூன்றாவது அறிக்கை அவள் எழுதியது. ஐம்பத்தெட்டு வயது, ஆண், அச்சகத் தொழிலாளி. சேர்ந்த நேரம் ஏழு நிமிடம் ஐம்பது வினாடி. தாளில் மெஷின் ஆன் ஆன நேரம் பதினாறு நிமிடம் இருபது வினாடி.

எல்லாம் ஞாபகம் வந்தது. பகல் பதினோரு மணி. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டியவரை எல்லோரும் 'பிரேக் அண்ணன்' என்பார்கள். எந்த அவசரத்திலும் ஒரு கால் பிரேக்கிலேயே இருக்கும். அவள் அவருக்குப் பக்கத்து இருக்கையில். வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது: "டைம் ஆகுது, அழுத்திடுங்க." பிரேக் அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ரயில் பெட்டிகளைப் பார்த்தாள். அவர் அழுத்தினார்.

வீட்டுக்குள் போனபோது அந்த ஆளின் மனைவி தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று ஃபோனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்து விட்டிருந்தாள். இவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். பலனில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாள் கேட்டாள், ஏன் இவ்வளவு நேரம் என்று. அவள் அந்த அம்மாளின் தோளில் கை வைத்து, "எட்டு நிமிஷம்தாம்மா ஆச்சு. பதட்டத்துல அதிகமா தெரியும்" என்றாள்.

அப்படித் தோளில் கை வைத்ததை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அதை எவ்வளவு அன்பாகச் சொன்னாள். அறிக்கை கிடைத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கை கழுவினாள். சீ என்று சொல்லிக்கொண்டே கழுவினாள். தையல் கடையிலிருந்து வந்த கணவன், "யார்கிட்ட பேசுற?" என்று கேட்டான்.

வயர்லெஸ்ஸில் வந்த குரல் அவளுடைய தம்பியின் குரல். ஆறு வயது இளையவன். அந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கி நிரப்பிக் கொடுத்ததே அவள்தான். இப்போது அவன் கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததுமே அவள் கேட்டுவிட்டாள்.

"அழுத்து, அழுத்துன்னு எத்தனை பேருக்குடா சொன்ன?"

அவனுக்கு உடனே புரிந்தது. "எல்லாருக்கும்தான். எனக்கு மேல இருக்கிறவர் எனக்குச் சொன்னார். அவருக்கு யாரோ சொன்னாங்க. பலகையில சிவப்பு வந்தா காலைக் கூட்டத்துல நிக்க வைச்சு மானத்தை வாங்குவாங்க, அக்கா. உனக்குத் தெரியாதா?"

"செத்தவங்களுக்கு?"

"பட்டனை அழுத்துனதாலயா செத்தாங்க? கேட் மூடியிருந்தா நானென்ன பண்றது? வண்டி வர்ற நேரத்துலதான் வரும்."

"பதினாறுன்னு எழுதியிருந்தா, அந்தப் பக்கம் ஒரு நிலையம் வேணும்னு எவனாவது கேட்டிருப்பான். ஏழுன்னு எழுதி எழுதி இருக்கிறதையும் மூடப் போறாங்க. அதைச் சொல்றேன்."

தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு நிமிர்ந்து, "நீயும் வண்டியிலதான இருந்த? அப்ப வாயில என்ன வைச்சிருந்த?" என்றான்.

கணவன், "சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்" என்றான். யாரும் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை என்பதுதான் அவளை அரித்தது. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, அறிக்கையில் இருந்த முகவரிக்கு பஸ் ஏறினாள். நோயாளியின் வீட்டைத் தேடிப் போவது விதிக்குப் புறம்பானது என்று அவளுக்குத் தெரியும். அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். இவளை அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு தெரிந்தது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு எட்டு நிமிஷம்னு சொன்னேன்ல. அது பொய்ம்மா. பதினாறு நிமிஷம் ஆச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு நிமிஷம்கூட என்னால முடியலையேன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் பிறகு. "கை விட்டுப் போச்சு எனக்கு. நடுவுல விட்டுட்டேன். எட்டு நிமிஷம் தாங்கியிருந்தா அவர் இருந்திருப்பாரேன்னு. தினமும் நினைப்பேன். குளிக்கும்போது நினைப்பேன். பஸ்ல போகும்போது நினைப்பேன்."

"பதினாறு நிமிஷம் யாராலயும் தனியா அழுத்த முடியாதும்மா. எங்களாலயே முடியாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்குவோம்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "எழுதிக் குடுங்க. என்ன ஆச்சுன்னு. உங்க பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு. என் பொண்ணு படிக்கணும்."

அவள் எழுதினாள். ரயில்வே கேட், வயர்லெஸ், பட்டன், பதினாறு நிமிடம் இருபது வினாடி. தம்பியைப் பற்றிக் கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர் என்று எழுதினாள். அந்த அம்மாள் ஒருமுறை படித்து, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு தடவை எழுதிய பிறகு இரண்டாவது தடவை எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆய்வுகளுக்கு ஒப்புதல் தருகிற ஒரு குழு பல்கலைக்கழகத்தில் இருந்தது. அதற்குக் கடிதம் போட்டாள். இருநூற்றுப் பதினாலு நோயாளிகள், இருநூற்றுப் பதினாலு வித்தியாசங்கள், பதினாலு கடிகாரங்கள். பட்டியலில் முதலாவதாகத் தன் அறிக்கையை வைத்தாள். நகல் ஒன்றைப் பேராசிரியரின் மேஜையிலும் வைத்துவிட்டுத்தான் தபாலில் சேர்த்தாள். பின்னாலிருந்து குத்தினாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. குளிர்சாதன அறையில் மூன்று பேர் உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்டார்கள். மெஷின் தாள்களைப் பார்க்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? நிலையங்களுக்குப் போனது வேலை நேரத்திலா? நோயாளியின் வீட்டுக்கு எந்த அதிகாரத்தில் போனீர்கள்? ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே நகத்தில் இருந்த அழுக்கைக் குண்டூசியால் நோண்டிக்கொண்டிருந்தார். செத்தவர்களைப் பற்றி முதல் இரண்டு நாள் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், குழுவிலிருந்த ஒரு புள்ளியியல்காரி மட்டும் நோட்டை வாங்கி ஒரு மணி நேரம் படித்தாள். "இதை எல்லாம் கையாலயா எழுதினீங்க?" என்றாள். ஆமாம் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மறுபடி கணக்குப் போடணும்" என்று மற்ற இருவரிடமும் சொன்னாள்.

மெஷின் நேரத்தை வைத்து எல்லாவற்றையும் மறுபடி போட்டார்கள். எட்டு நிமிடத்துக்குள் மெஷின் ஆன் ஆனவர்களில் ஏழில் ஒருவர் வீடு திரும்பியிருந்தார். பன்னிரண்டு நிமிடம் தாண்டியவர்களில் அறுபதில் ஒருவர். அந்தக் கணக்கு வருவதற்குள் மூன்று நிலையங்களில் இரண்டை மூடிவிட்டார்கள். ஆய்வு முடியும்வரை காத்திருக்க முடியாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது மட்டும் தப்பியது. மூடியதைத் திறக்கும் பேச்சே எழவில்லை. ஒன்றில் இப்போது பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நோயாளி வீட்டுக்குப் போனதற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பேராசிரியர் புதிய முடிவுகளை ஒரு பெரிய மாநாட்டில் வாசித்துப் பேர் வாங்கினார். நேரப் பதிவில் நடக்கும் மோசடியை வெளியே கொண்டுவந்தவர் என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். மறுநாள் அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"கட்டுரையில நன்றி சொல்ற இடத்துல உங்க பேரைப் போட்டிருக்கோம்மா."

"எடுத்துடுங்க சார்."

"ஏம்மா, நீங்கதான கண்டுபிடிச்சீங்க?"

"எடுத்துடுங்க. பக்கத்துல உங்க பேர் இருக்கும்ல."

அவர் அதற்கும் கோபப்படவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

தம்பியைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. அவனுக்கு மேலே இருந்தவருக்குப் பதவி உயர்வு. ஏழு மாதம் தம்பி அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து ஹாலில் உட்கார்ந்து, அவள் கணவனிடம் கால்சட்டைக்கு இடுப்பு பிரித்துத் தரச் சொல்லிவிட்டு, டிவி பார்த்துவிட்டுப் போனான். அடுத்த மாதமும் வந்தான். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

அவளை வண்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. குழாய், பிளீச்சிங் பவுடர், நீள ரப்பர் கையுறை. ஸ்ட்ரெச்சர் இடுக்கில் காய்ந்த ரத்தத்தைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பாள்.

போன மாதம் ஒரு நாள் பிரேக் அண்ணன் வண்டியைக் கழுவ விட்டார். விட்டுவிட்டுப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே?"

"புது ஏற்பாடு ஒண்ணு வந்திருக்கு. இப்ப பட்டன் நேரத்தைப் பாக்கறதில்ல, மெஷின் நேரத்தைத்தான் பலகையில போடுறாங்க."

"நல்லதுதான?"

"அதனால கிளம்பும்போதே மெஷினை ஆன் பண்ணிடச் சொல்றாங்க. வண்டி ஓடும்போதே. எல்லாம் பச்சையா வருது. நாலு, அஞ்சு நிமிஷம்னு வருது. முன்னைவிட நல்லா வருது."

அவள் பிரஷ்ஷைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். "நீங்க பண்றீங்களா?"

"நான் பண்ணல. பண்றவங்களைப் பாத்துட்டு சும்மா இருந்தேன்." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடிப்பை எடுத்தார். மெஷின் தாள்கள், பதினொன்று. "ஆன் பண்ண நேரம் தலைப்புல வருது. நெஞ்சுல ஷாக் பட்டை ஒட்டின நேரம் கீழ மூணாவது வரியில வருது. அதை யாரும் படிக்கிறதில்ல. நாலு வண்டியிலிருந்து எடுத்து வைச்சிருக்கேன்."

அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினாள். முதல் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து மூன்றாவது வரியைத் தேடினாள்.

"பேனா இருக்கா அண்ணே?" என்றாள்.